நான்கு வயது நிலச்சுவான்தார்

கோடீசுவரர் ஒருவர் கண்ணை மூடினால் முதலாளித்துவப் பத்திரிகைகளிடம் அதற்கென்று ஒரு பிலாக்கணம் தயாராக இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும். துறையின் முன்னோடி, கடும் உழைப்பாளி, சிக்கனக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல குடும்பஸ்தர்! நில வியாபாரத்திலும் வாடகை வீட்டிலும் பணம் குவித்தவர் என்றால் ராகம் இன்னும் உருக்கமாகிவிடும். ஜனங்களுக்கு வீடு கொடுத்த புண்ணியவான் அல்லவா அவர்!

இந்தப் பிலாக்கணத்தை ஓர் அசல் மனிதர் மேல் வைத்து உரசிப் பார்ப்போம். அமெரிக்காவில், நியூயார்க் நகரில், 1905-ம் ஆண்டு பிறந்து 1999 ஜூன் 25 அன்று 93-வது வயதில் இறந்தவர் பிரெட் டிரம்ப். வாஷிங்டன் வெள்ளை மாளிகையில் 2025 ஜனவரியில் இரண்டாம் முறையாக ஏறி உட்கார்ந்த டொனால்டு டிரம்பைப் பெற்ற தகப்பனார். மகனைப் பற்றி உலகமே பேசுகிறது. மகன் ஆடும் ஆட்டம் மேடையில் நடக்கிறது, எல்லோருக்கும் தெரிகிறது. தகப்பனார் செய்ததெல்லாம் கணக்குப் புத்தகத்தில் நடந்தது. அதனால் நமக்குத் தகப்பனார்தான் முக்கியம்.

புரூக்ளின், குவீன்ஸ் பகுதிகளில் 27,000-க்கும் அதிகமான வீடுகளைக் கட்டினார் என்று அவருடைய மரணச் செய்திகள் எழுதின. அதை நாம் மறுக்கவில்லை. அந்தக் கட்டடங்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. செங்கல் கட்டடம், கெட்டியான கட்டடம். ஆனால் யாருடைய பணத்தில் கட்டினார், யாரிடம் வாடகை வாங்கினார், யாரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார், சேர்த்த பணத்தை எந்த வழியாகப் பிள்ளைகளுக்குக் கடத்தினார்? இந்த நான்கு கேள்விகளைப் பிலாக்கணக்காரர்கள் கேட்க மாட்டார்கள். நாம் கேட்போம்.

தனியார் முயற்சியா, சர்க்கார் பணமா?

தகப்பனார் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். 1918-ல் உலகையே வாரிக்கொண்டு போன விஷக் காய்ச்சலில் இறந்துபோனார். விதவைத் தாயின் பெயரில், "இ. டிரம்ப் அண்டு சன்" என்று கம்பெனி தொடங்கினார்கள். மகனுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் வயது வரவில்லை. இதுவரை கதை பிலாக்கணத்துக்கு ஒத்தே வருகிறது. பையன் உழைத்தான், வீடு கட்டினான், விற்றான். சரி.

பிறகு 1929 வந்தது. பங்கு மார்க்கெட் இடிந்தது. அமெரிக்கத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். தனியார் கட்டட வேலை அடியோடு படுத்துவிட்டது. "தனியார் முயற்சி" என்ற அந்தப் புனித மாடு அன்றைக்கு எழுந்து நிற்கவும் சக்தியற்றுக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தியது யார்? அமெரிக்க சர்க்கார். 1934-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் எப்.எச்.ஏ. என்ற மத்திய வீடமைப்பு இலாகா பிறந்தது. இந்த இலாகா தானாக வீடு கட்டவில்லை. பாங்கு கொடுக்கும் கடனுக்கு ஜாமீன் நின்றது. கடன் வசூலானால் லாபம் பாங்குக்கும் கட்டடக்காரருக்கும். வசூலாகாவிட்டால் நஷ்டம் வரி கட்டும் ஜனங்களுக்கு! இதைவிடச் சுகமான வியாபாரம் உண்டா?

பிரெட் டிரம்ப் இதைச் சட்டென்று புரிந்துகொண்டார். அவர் முன்னோடி என்றால் இதில்தான் முன்னோடி. எப்.எச்.ஏ. ஜாமீனில் கிழக்கு பிளாட்புஷ் பகுதியில் வரிசை வரிசையாக வீடு கட்டினார். உள்ளூர்ப் பத்திரிகை அவரை வீடு கட்டும் தொழிலின் ஹென்றி போர்டு என்று புகழ்ந்தது. யுத்தம் வந்தபோது வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் கடற்படை, கப்பல் தளத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டினார். அதற்கும் சர்க்கார் ஜாமீன்தான். யுத்தம் முடிந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். ஆனால் திரும்பிப் போய் இருக்க வீடு இல்லை. நியூயார்க்கில் உறவினர் வீட்டு வராந்தாவிலும் தகரக் கொட்டகையிலும் குடும்பங்கள் கிடந்தன.

சர்க்காரே வீடு கட்டி நியாய வாடகைக்குக் கொடுக்கட்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. கேட்டவுடனே கிளம்பினார் ஒரு மகானுபாவர். வேறு யாருமில்லை, செனட்டர் மெக்கார்த்திதான்! கம்யூனிஸ்ட் வேட்டையில் பேர் எடுப்பதற்கு முன்னால், 1947, 48-ல், அவர் காங்கிரஸின் வீடமைப்புக் கூட்டுக் கமிட்டியில் உட்கார்ந்து ஊர் ஊராக விசாரணை நடத்தினார். குவீன்ஸில் சிப்பாய்களுக்காகப் போட்ட தாற்காலிகக் குடியிருப்பைப் போய்ப் பார்த்துவிட்டு, அது கம்யூனிஸ்டுகள் முளைக்கும் நாற்றங்கால் என்றார். ஆயத்த வீடு செய்யும் லஸ்ட்ரான் கம்பெனியிடம் வீடமைப்பைப் பற்றிப் பிரசுரம் எழுதிக்கொடுத்து 10,000 டாலர் வாங்கிக்கொண்டார் என்பது பிறகு வெளிவந்தது. 1949-ல் சட்டம் வந்தது. ஆறு ஆண்டில் 8 லட்சத்து 10 ஆயிரம் பொது வீடுகள் கட்டுவதாக அதில் எழுதினார்கள். ஆறு ஆண்டில் கட்டி முடித்தார்களா? இல்லை. ஆனால் தனியார் கட்டடக்காரர்களுக்குத் திறந்துவிட்ட மடையில் பணம் தங்குதடையின்றி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மடையின் பெயர் 608-வது பிரிவு.

608-ன் மகிமை

கேளுங்கள் கணக்கை. சிப்பாய்களுக்கு வாடகை வீடு கட்ட ஒருவர் திட்டம் போடுகிறார். இவ்வளவு செலவாகும் என்று ஓர் உத்தேச மதிப்பு எழுதிக் கொடுக்கிறார். அந்த மதிப்பில் 90 சதவீதம் வரை கடனுக்கு எப்.எச்.ஏ. ஜாமீன் நிற்கும். மதிப்பை யார் எழுதுவது? கட்டுகிறவரே! 100 ரூபாய் ஆகும் என்று எழுதி 90 ரூபாய் கடன் வாங்கி, 70 ரூபாயில் வேலையை முடித்துவிட்டால் மீதி 20 ரூபாய் யாருக்கு? அதுதான் 608-ன் மகிமை. தன் கைக்காசு ஒன்றும் போடாமல் கட்டடம் சொந்தம். கட்டி முடித்த அன்றே கையில் ரொக்கமும் மிச்சம்.

பிரெட் டிரம்ப் புரூக்ளினில் ஷோர் ஹேவன், பீச் ஹேவன் என்ற இரண்டு பெரிய குடியிருப்புகளை இந்தப் பிரிவில் கட்டினார். 1954-ல் நாடு முழுவதும் இந்த ஊழல் நாறியது. ஜனாதிபதி ஐஸன்ஹோவரே கண்டனம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. (அவர் சோஷலிஸ்ட் அல்ல என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.) செனட் பாங்கிங் கமிட்டி விசாரித்தது. வாடகை வீட்டுக் கடன்களைப் பார்த்துக்கொண்டிருந்த எப்.எச்.ஏ. அதிகாரி கிளைட் பவெல் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி, பதில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அதே திருத்தத்தின் பாதுகாப்பைக் கேட்ட ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் அதே ஆண்டுகளில் வேலையை இழந்து தெருவில் நின்றார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம்.

பிரெட் டிரம்பும் 1954 ஜூலையில் கமிட்டி முன்னால் வந்தார். பீச் ஹேவனுக்கு ஆன செலவைவிடச் சுமார் 35 லட்சம் டாலர் அதிகமாகக் கடன் வாங்கியிருக்கிறார் என்று கமிட்டி கண்டது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்தப் பணத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, கம்பெனிக் கணக்கில்தானே இருக்கிறது, ஆகவே அது லாபமே அல்ல என்றார்! மடியில் கட்டியிருக்கிறேன், இன்னும் செலவழிக்கவில்லை, ஆகவே என்னுடையது அல்ல! இந்தத் தர்க்கத்தை ஒரு ரொட்டி திருடியவன் நீதிமன்றத்தில் சொல்லிப் பார்க்கட்டும், நீதிபதி என்ன செய்வார் என்று பார்க்கலாம்.

இன்னொரு கணக்கையும் கமிட்டி எடுத்துக் காட்டியது. டிரம்பும் அவருடைய கூட்டாளியும் ஒரு நிலத்தை 34,200 டாலருக்கு வாங்கினார்கள். வாங்கிய நிலத்தைத் தங்கள் சொந்தக் கம்பெனிக்கே 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எவ்வளவு? ஆண்டுக்கு 76,960 டாலர்! வாங்கிய விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒவ்வொரு வருஷமும். கட்டடக் கடன் என்றாவது மூழ்கி, எப்.எச்.ஏ. கட்டடத்தை ஏற்க நேர்ந்தால், நிலத்துக்காக இவர்களுக்கு 19 லட்சத்து 24 ஆயிரம் டாலர் கொடுத்தாக வேண்டும். அதாவது வியாபாரம் ஜெயித்தாலும் இவர்களுக்குப் பணம், தோற்றாலும் பணம். நஷ்டப்படும் ஆபத்தை ஏற்பவன் முதலாளி, அதற்குக் கூலிதான் லாபம் என்று கல்லூரிப் பொருளாதாரப் புத்தகங்களில் எழுதியிருக்கிறதே, அந்தப் புத்தகம் எழுதியவர்களை நாம் இந்த நிலத்துக்கு ஒரு நடை அழைத்துப் போக விரும்புகிறோம்.

கமிட்டி விசாரித்தது, அறிக்கை எழுதியது. பிரெட் டிரம்ப் வீட்டுக்குப் போனார். வழக்கு இல்லை, தண்டனை இல்லை.

ஒரு பாடகரும் இரண்டு பிள்ளைகளும்

பீச் ஹேவனில் 1950 டிசம்பரில் ஒரு குடும்பம் குடிவந்தது. குடும்பத் தலைவர் உடி கத்ரி. அமெரிக்காவின் பஞ்சம் பிழைக்க வந்த விவசாயிகளையும் ரயிலேறி அலைந்த வேலையற்றோரையும் பாடிய மக்கள் பாடகர். நிலம் எல்லோருக்கும் பொது என்று பாடியவர். அமெரிக்கக் கம்யூனிஸ்ட் பத்திரிகைகளில் பத்தி எழுதியவர். ஒரு வேடிக்கை: அவருடைய தகப்பனாரும் ஓக்லஹோமாவில் நில வியாபாரம் செய்தவர்தான், செய்து நொடித்துப் போனவர்!

கத்ரியின் மகன் ஆர்லோ 1947 ஜூலையில் பிறந்தவன். குடிவந்தபோது மூன்று வயது. வீட்டுச் சொந்தக்காரர் பிரெட் டிரம்பின் நான்காவது பிள்ளை டொனால்டு 1946 ஜூனில் பிறந்தவன். அப்போது நான்கு வயது. இரண்டும் ஒரே ஊரில் வளரும் குழந்தைகள். ஒன்று குடித்தனக்காரன். மற்றொன்று? நிலச்சுவான்தார்!

மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். பீச் ஹேவன் கட்டடத்தின் கீழே இருந்த நிலத்தை பிரெட் டிரம்ப் தன் பெயரில் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் பெயரில் டிரஸ்ட் ஏற்படுத்தி அதில் போட்டார். தகப்பனாரின் கட்டடக் கம்பெனி பிள்ளைகளின் டிரஸ்டுக்கு நில வாடகை கட்டியது. சட்டப்படி பிள்ளைகள் வீட்டுக்காரர்கள், தகப்பனார் அவர்களுடைய குடித்தனக்காரர்! இந்த மாதிரி ஏற்பாடுகளால் டொனால்டு டிரம்ப் மூன்று வயதிலேயே, இன்றைய பண மதிப்பில், ஆண்டுக்கு 2 லட்சம் டாலர் வருமானம் பெற்றார், எட்டு வயதில் லட்சாதிபதியாக, அதாவது பத்து லட்சம் டாலருக்கு உடையவராக ஆனார் என்று நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை 2018 அக்டோபரில் ஆவணங்களோடு எழுதியது. நியூயார்க் டைம்ஸ் நம் கட்சிப் பத்திரிகை அல்ல.

ஆக, மக்கள் பாடகர் பாட்டுப் பாடிச் சம்பாதித்த காசில் ஒரு பகுதி வாடகையாகப் போய், அதில் ஒரு பங்கு நில வாடகையாகப் பிரிந்து, நான்கு வயதுக் குழந்தையின் கணக்கில் விழுந்தது. குழந்தை என்ன உழைத்தது? நிலத்தை உண்டாக்கியதா? இல்லை. நிலத்துக்கு மதிப்பு வந்தது நகரம் போட்ட ரயிலாலும் சாலையாலும் குழாயாலும், பக்கத்திலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்து குடியேறியதாலும். ஊர் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு. அது தொட்டிலுக்குப் போய்ச் சேருகிறது. நில வாடகையைப் பற்றி மார்க்ஸ் எழுதியது புரியவில்லை என்று சொல்லும் இளம் தோழர்களுக்கு பீச் ஹேவனைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கத்ரி இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் அங்கே இருந்தார். கண்ணால் கண்டதை நோட்டுப் புத்தகங்களில் எழுதினார். தன் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லியே, கறுப்பு மனிதனுக்கு இடமில்லாத குடியிருப்பைக் கட்டியிருக்கிறார் என்று பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுகள் அவர் காலத்தில் வெளிவரவில்லை. நரம்பை அரிக்கும் நோய் அவரை ஆஸ்பத்திரியில் தள்ளியது, 1967-ல் இறந்தார். ஓக்லஹோமாவில் துல்சா நகரிலுள்ள அவருடைய ஆவணக் காப்பகத்திலிருந்து வில் காஃப்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2016-ல் அவற்றை வெளியே கொண்டுவந்தார்.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

கத்ரி எழுதியது கற்பனையா? சர்க்காரே பதில் சொல்லிவிட்டது. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு வாரத்துக்குள், வீடு கொடுப்பதில் நிற பேதம் கூடாது என்ற சட்டம் நிறைவேறியது. 1973 அக்டோபரில் அமெரிக்க நீதி இலாகா டிரம்ப் கம்பெனி மேல் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டது. சேர்மன் தகப்பனார், பிரசிடெண்ட் மகன். 39 கட்டடங்கள், 14,000-க்கும் மேற்பட்ட வீடுகள். கறுப்பர் ஒருவர் போய்க் கேட்டால் வீடு காலி இல்லை. அடுத்து வெள்ளையர் போய்க் கேட்டால் சாவி தயார். விண்ணப்பத்தில் கறுப்பர் என்பதற்குத் தனிக் குறி போட்டு வைத்தார்கள் என்று ஊழியர்களே சொன்னார்கள்.

வழக்குக்கு யாரை வக்கீலாக வைத்தார்கள்? ராய் கோன்! ரோஸன்பர்க் தம்பதிகளை மின்சார நாற்காலிக்கு அனுப்பிய வழக்கில் சர்க்கார் தரப்பில் நின்றவர், மெக்கார்த்தியின் வலது கையாக இருந்தவர். சரியான ஆளைத்தான் பிடித்தார்கள். அவர் நீதி இலாகா மேலேயே 10 கோடி டாலர் நஷ்ட ஈடு கேட்டு எதிர் வழக்குப் போட்டார். நீதிபதி அதைத் தூக்கி எறிந்தார். 1975 ஜூனில் சமரச உத்தரவு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் காலி வீடுகளின் பட்டியலை நகர்ப்புறக் கழகம் என்ற கறுப்பர் நல அமைப்புக்கு வாராவாரம் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. 1978-ல், உத்தரவை மீறுகிறார்கள் என்று நீதி இலாகா மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நிற பேதத்தை பிரெட் டிரம்ப் கண்டுபிடிக்கவில்லை. எப்.எச்.ஏ.வே அதன் கையேட்டில் வெள்ளையர் பகுதியில் பிற இனத்தாரைக் கலக்க வேண்டாம், நிலத்தின் மதிப்பு குறையும் என்று எழுதி வைத்திருந்தது. சர்க்காரும் கட்டடக்காரரும் ஒரே ராகம்தான் பாடினார்கள். வரி கறுப்பரிடமும் வாங்கினார்கள், ஜாமீன் வெள்ளையர் வீட்டுக்கு மட்டும் நின்றார்கள்.

கறுப்பர்கள் குடியிருந்த இடத்தில் எப்படி நடந்துகொண்டார்? 1976-ல் மேரிலாந்து ராஜ்யத்தில் அவருக்குச் சொந்தமான கிரெகரி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் கட்டட விதிகளை மீறிய குற்றத்துக்காக, பார்வையிட வந்த இடத்திலேயே போலீஸார் அவரைக் கைது செய்தார்கள். உடைந்த ஜன்னல்கள், தீயணைக்கும் சாதனம் இல்லை. 1,000 டாலர் ஜாமீனில் வெளியே வந்தார்.

இதற்கு முன்னே, 1966-ல், கோனி ஐலண்டில் கட்டிய டிரம்ப் வில்லேஜ் விவகாரத்தில் நியூயார்க் ராஜ்ய விசாரணைக் கமிஷன் கூப்பிட்டு விசாரித்தது. இது ராஜ்ய சர்க்கார் உதவிப் பணத்தில் எழுந்த குடியிருப்பு. செலவை உயர்த்திக் காட்டி, கட்டட இயந்திர வாடகை என்ற பெயரில் மட்டும் 5 லட்சத்து 98 ஆயிரம் டாலர் லாபம் பார்த்திருக்கிறார். 608-ன் பழைய வித்தைதான், வேறு சட்டத்தின் கீழே. மறுபடியும் வழக்கு இல்லை. அதே ஆண்டு கோனி ஐலண்டின் பழைய ஸ்டீபிள்சேஸ் பூங்காவை இடிப்பதற்கு விருந்து வைத்து, கனவான்களை அழைத்து, கண்ணாடி முகப்பின் மேல் செங்கல் எறியச் சொன்னார். பல தலைமுறைத் தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை போய் மகிழ்ந்த இடம் அது. அங்கே அடுக்குமாடி எழுப்ப அனுமதி கிடைக்கவில்லை. பூங்காவும் போயிற்று, கட்டடமும் வரவில்லை.

குடும்பஸ்தரின் குடும்பம்

இப்போது பிலாக்கணத்தின் கடைசி வரிக்கு வருவோம். நல்ல குடும்பஸ்தர்!

ஒரு விதத்தில் இது உண்மைதான். தன் குடும்பத்துக்கு அவர் செய்ததைப் போல யாரும் செய்திருக்க முடியாது. மகன் மான்ஹாட்டனில் கமோடோர் ஹோட்டலைப் புதுப்பிக்கக் கிளம்பியபோது தகப்பனாரின் ஜாமீன் இருந்தது. நகரம் 40 வருஷ வரிச் சலுகையையும் சேர்த்துக் கொடுத்தது. அப்போது மேயர் ஏப்ரஹாம் பீம், தகப்பனாரின் நெடுநாளைய புரூக்ளின் சிநேகிதர். 1990-ல் மகனுடைய சூதாட்ட விடுதி கடன் தவணை கட்ட முடியாமல் தத்தளித்தது. டிசம்பர் மாதம் ஒரு நாள் பிரெட் டிரம்பின் ஆள் ஒருவர் போய் 33 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சூதாட்டச் சில்லு வாங்கினார். வாங்கியவர் ஆடவே இல்லை! இது மறைமுகக் கடன், சட்ட விரோதம் என்று சூதாட்டக் கண்காணிப்பு இலாகா கண்டுபிடித்து அபராதம் போட்டது. என் தகப்பனார் எனக்குக் கொடுத்தது 10 லட்சம் டாலர் சின்னக் கடன்தான், மற்றதெல்லாம் நானே சம்பாதித்தது என்று மகன் தேர்தல் மேடையில் சொன்னார். தகப்பனாரின் சாம்ராஜ்யத்திலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது, இன்றைய மதிப்பில், குறைந்தது 41 கோடியே 30 லட்சம் டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் கணக்குச் சொல்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் நம் கவனத்துக்கு உரியது 1992-ல் தோன்றிய ஒரு கம்பெனி. பெயர் ஆல் கவுண்டி. சொந்தக்காரர்கள் டிரம்பின் நான்கு பிள்ளைகளும் ஒரு உறவினரும். அதன் தொழில் என்ன? பிரெட் டிரம்பின் கட்டடங்களுக்கு பாய்லரும் துடைப்பமும் பெயிண்டும் வாங்கித் தருவது. அதுவும் காகிதத்தில் மட்டும். கடைக்காரரிடம் முன்போலவே சாமான் வரும். பில் மட்டும் ஆல் கவுண்டி வழியாகச் சுற்றி வரும். வரும்போது 20 சதவீதம், 50 சதவீதம் என்று வீங்கி வரும். அந்த வீக்கம் பிள்ளைகளின் பைக்குப் போகும். பிள்ளைகளுக்கு நேரடியாக இனாம் கொடுத்தால் 55 சதவீதம் வரி. பாய்லர் விலையில் ஒளித்துக் கொடுத்தால் வரி இல்லை. எவ்வளவு பாசமான தகப்பனார் பாருங்கள்!

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டும். இந்தக் கட்டடங்கள் பல நியூயார்க்கின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. வீட்டுக்காரர் இஷ்டத்துக்கு வாடகை உயர்த்த முடியாது. ஆனால் புது பாய்லர் போட்டேன் என்று பில் காட்டினால் உயர்த்தலாம். எந்த பில்லைக் காட்டினார்கள்? வீங்கிய பில்லை! பிள்ளைகளுக்கு வரியில்லாமல் பணம் கடத்திய அதே காகிதம், குடித்தனக்காரரின் வாடகையை உயர்த்தவும் உதவியது. சர்க்காரை ஏமாற்ற ஒன்று, குடித்தனக்காரரை ஏமாற்ற ஒன்று என்று இரண்டு காகிதம் வேண்டியிருக்கவில்லை. பாய்லருக்காக ஒரு தடவை உயர்ந்த வாடகை அப்போதைய சட்டப்படி பிறகு இறங்காது; பாய்லர் துருப்பிடித்த பின்னும் அந்த உயர்வு நிற்கும். பென்ஷனில் காலம் தள்ளும் கிழவியும், இரவு வேலை பார்க்கும் ஆஸ்பத்திரித் தாதியும் மாதாமாதம் கட்டிய அந்த உபரி டாலர்கள்தான் "குடும்பப் பாசம்".

1997-ல் பெற்றோர் தங்கள் கட்டடங்களின் உரிமையை டிரஸ்டுகள் மூலம் பிள்ளைகளுக்கு மாற்றினார்கள். வரி அதிகாரிகளுக்குக் காட்டிய மதிப்பு 4 கோடியே 14 லட்சம் டாலர். அந்தச் சொத்துகளைப் பிள்ளைகள் 2004-ல் விற்றபோது கிடைத்த தொகை 70 கோடிக்கு மேல்! மொத்தத்தில் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட செல்வம் பிள்ளைகளுக்குப் போயிற்று. அன்றைய விகிதப்படி 55 கோடி டாலராவது வரி வந்திருக்க வேண்டும். கட்டியது 5 கோடியே 22 லட்சம் என்பது அந்தப் பத்திரிகையின் கணக்கு. மோசடி எதுவும் இல்லை, எல்லாம் பொய் என்று மகனின் வக்கீல் மறுத்தார். கிரிமினல் வழக்குக்குரிய காலக்கெடு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. எழுதியவர்களுக்கு 2019-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. வரி வசூலானதாகச் செய்தி இல்லை.

இவ்வளவு பாசம் கொட்டிய குடும்பத்துக்குள்ளே என்ன நடந்தது? மூத்த மகன் பிரெட் ஜூனியருக்கு வாடகை வசூல் பிடிக்கவில்லை. விமானம் ஓட்டப் போனார். வீட்டில் அதற்கு மரியாதை இல்லை. குடிப்பழக்கத்தில் விழுந்து 1981-ல், 42 வயதில் இறந்துபோனார். தகப்பனார் உயிலில் மூத்த மகனின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கு முழுதாகப் போகவில்லை. அவர்கள் 2000-ல் கோர்ட்டுக்குப் போனார்கள். உடனே அந்தக் கிளைக்குக் குடும்பக் கம்பெனி மூலம் வந்துகொண்டிருந்த மருத்துவ இன்ஷூரன்ஸ் நிறுத்தப்பட்டது. அப்போது அந்த வீட்டில் நோயுற்ற கைக்குழந்தை ஒன்று இருந்தது. வழக்குப் பின்னர் சமரசமாக முடிந்தது. குடும்ப உறவைப் பணத்தொடர்பாக முதலாளித்துவம் மாற்றிவிட்டது என்று கம்யூனிஸ்டுகள் சொன்னால், இவர்கள் குடும்பத்தையே ஒழிக்க வந்தவர்கள் என்று பாதிரிமார்கள் கூச்சலிடுகிறார்களே, அவர்கள் இந்த உயிலை ஒரு தடவை படிக்கட்டும்.

வீடு கட்டியது யார்?

எதையும் சொல்லுங்கள், சாதாரண ஜனங்களுக்கு வீடு கட்டினாரே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயம் உண்டு. பீச் ஹேவனில் குடியேறிய எத்தனையோ தொழிலாளர் குடும்பங்களுக்கு அதுவே முதல் தடவையாகக் கிடைத்த வெந்நீர்க் குழாயும் வெளிச்சமான ஜன்னலும். வாடகையும் மான்ஹாட்டனோடு ஒப்பிட்டால் குறைவு. அந்தச் சந்தோஷத்தை நாம் கேலி செய்யவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கடனுக்கு ஜாமீன் சர்க்காருடையது. கடனை அடைத்தது வாடகை, அதாவது குடித்தனக்காரர்கள். செங்கல் அடுக்கியது கொத்தர்கள், குழாய் போட்டது குழாய்த் தொழிலாளிகள். இவர்கள் அத்தனை பேரையும் நேராகச் சேர்த்துவைத்து நகரமே அந்த வீடுகளைக் கட்டியிருக்க முடியும். கட்டியிருந்தால் 35 லட்சம் உபரி இல்லை, குழந்தைக்கு நில வாடகை இல்லை, வீங்கிய பாய்லர் பில் இல்லை. அதைத் தடுக்கத்தான் மெக்கார்த்தி ஊர் ஊராகப் போனார். முதலாளி வர்க்கம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது என்று ஏங்கல்ஸ் 1872-ல் எழுதினார். நியூயார்க்கில் அதை நகர்த்தியதோடு நிற்கவில்லை. நகர்த்துகிற கூலியையும் ஜனங்களிடமே வாங்கிக்கொண்டார்கள்.

குடித்தனக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பல ஆண்டு போராட்டத்துக்குப் பின் 2019 ஜூனில் நியூயார்க் ராஜ்யத்தில் வாடகைச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. பாய்லர் பில்லைக் காட்டி நிரந்தரமாக வாடகை ஏற்றும் அந்தப் பழைய ஓட்டையும் அதில் சுருக்கப்பட்டது. ஏற்றத்துக்கு வருஷத்துக்கு 2 சதவீதம் என்று உச்ச வரம்பு வந்தது, 30 வருஷத்தில் அது நீங்க வேண்டும் என்றும் வந்தது. நகரத்தில் அப்படிக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் வீடுகள் ஏறக்குறைய 10 லட்சம். அவற்றின் வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவேன் என்று சொல்லி 2025 நவம்பர் மேயர் தேர்தலில் நின்றார் ஜோரான் மம்தானி. வீட்டுச் சொந்தக்காரர்களின் பணம் எதிர்த்தரப்புக்குக் கொட்டியது. ஓட்டெடுப்புக்கு முந்திய நாள், பீச் ஹேவனின் பழைய குட்டி நிலச்சுவான்தார் வெள்ளை மாளிகையிலிருந்து வாய் திறந்து, மம்தானிக்கு எதிராக ஆண்ட்ரூ கோமோவுக்கு ஓட்டுப் போடுங்கள் என்றார். மம்தானியைக் கம்யூனிஸ்ட் என்று திட்டினார். மம்தானி கம்யூனிஸ்ட் அல்ல, அது நமக்கு நன்றாகத் தெரியும். வாடகையைத் தொடுகிறேன் என்று சொன்னதற்கே அந்தப் பட்டம் கிடைத்தது. நியூயார்க் வாக்காளர்கள் மம்தானியைத்தான் மேயராக்கினார்கள்.